பழைய துணியின் எறிமதிப்பு

பி.காம். படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் என்ற பாடம் தெரிந்திருக்கும். ஒரு இயந்திரம் வாங்குகிறோம். அதன் அடக்கவிலை இவ்வளவு, உழைக்கும் காலம் இத்தனை வருஷம், காலம் முடிந்து விற்றால் தேறுவது இவ்வளவு. கடைசியில் தேறும் அந்தத் தொகைக்குப் பெயர் எறிமதிப்பு. தூக்கி எறியப்போகும் பொருளுக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரு விலை உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இப்போது உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். ப்ளஸ் டூ படிக்கும்போது எடுத்த, இன்று பட்டன் போட முடியாத சட்டை. இடுப்பில் ஏறாத ஜீன்ஸ். யாரோ கல்யாணத்துக்குத் தைத்து ஒரே நாள் போட்ட சுடிதார். "கொஞ்சம் இளைத்தால் போட்டுக்கொள்ளலாம்" என்று மடித்து வைத்த நான்கைந்து உருப்படிகள். இவற்றின் எறிமதிப்பு என்ன? அநேகமாக பூஜ்யம். ஆனாலும் அவை அங்கேயே இருக்கின்றன, வருஷா வருஷம் கூடிக்கொண்டும் போகின்றன.

பீரோவை எப்படி ஒழுங்கு செய்வது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு ஜப்பானில் மரி கோண்டோ 2011லேயே புத்தகம் எழுதி உலகப்புகழ் பெற்றுவிட்டார். என் கேள்வி வேறு. பழைய துணி எப்போதிலிருந்து அடைசல் ஆனது? அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது?

சேலைக்கு ஏது சைஸ்?

துணி "சேரவில்லை" என்ற பிரச்சினையே தைத்த துணிக்குத்தான். எட்டு முழ வேட்டி ஒல்லியானவருக்கும் எட்டு முழம்தான், தொப்பை வைத்தவருக்கும் எட்டு முழம்தான். சேலையும் அப்படியே. கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடும் அல்லது குறையும், அவ்வளவே. பாட்டியின் சேலையைப் பேத்தி கட்டலாம். பாட்டியின் ரவிக்கைதான் பேத்திக்கு உதவாது.

தைத்த துணியிலும் நம்மவர்கள் உஷாராகத்தான் இருந்தார்கள். சிறுமிகளின் பாவாடையில் வரிசையாக டக் பிடித்துத் தைப்பார்கள். பெண் வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட்டால் பாவாடை நீளமாகிவிடும். பிரித்த இடத்தில் மட்டும் சாயம் வெளுக்காமல் ஒரு பட்டை தெரியும். டெய்லரிடம் "வளர்ற பையன், உள்ளே துணி விட்டுத் தைங்க" என்று அம்மாக்கள் சொன்னதும் இதே கணக்குதான். ஜப்பானில் குழந்தைகளின் கிமோனோவைத் தோளிலும் இடுப்பிலும் மடித்துத் தைத்துவிட்டு, வளர்ந்தபின் பிரித்துவிடுவார்கள். பெரியவர்களின் கிமோனோவும் நேரான துண்டுகளால் ஆனது என்பதால், அதை முழுசாகப் பிரித்துத் துவைத்து மறுபடியும் தைக்கும் வழக்கம் இருந்தது. ஆக, உடம்பு மாறினால் துணியை மாற்றினார்கள்.

ரெடிமேட் வந்ததும் இது தலைகீழானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக அளக்க நேரமில்லை. ஆண்களின் உடம்பைச் சில அளவுகளுக்குள் அடக்கிவிடலாம் என்ற அனுபவம் அப்போது கிடைத்தது. பெண்களுக்கு இன்னும் காலமானது. 1939-40ல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஒரு பிரிவு ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்து பார்த்தது. அந்தத் தரவுகளையும் பயன்படுத்தி 1958ல் ஒரு தர அளவு வெளியிட்டார்கள். அதுவும் 1983ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன்பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியதைச் சைஸ் என்று போட்டுக்கொள்கிறது. ஒரு கடையில் எம் சைஸாக இருக்கிற நாம் அடுத்த கடையில் எக்ஸ்எல் ஆவது இதனால்தான். நம் நாட்டில் நிஃப்ட் நிறுவனம் 25,000 பேரை அளக்கும் "இந்தியா சைஸ்" திட்டத்தை எடுத்ததே சமீபத்தில்தான்.

அதாவது நம் பீரோவில் சேராமல் கிடக்கும் சட்டை, முன்பின் தெரியாத யாரோ ஒரு சராசரி மனிதருக்காகத் தைக்கப்பட்டது. பழி மட்டும் நம் இடுப்புக்கு!

உயிலில் எழுதிய உடுப்பு

சரி, சேராத துணியை அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? விற்றார்கள், அடகு வைத்தார்கள், உயில்கூட எழுதினார்கள்.

ஷேக்ஸ்பியர் 1616ல் இறந்தார். அவருடைய உயிலில் மனைவிக்கு "இரண்டாவது நல்ல கட்டில்" கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே உயிலில் தங்கை ஜோனுக்கு 20 பவுண்டு பணமும், தான் உடுத்திய துணிமணிகள் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். இங்கிலாந்தின் பெரிய நாடகாசிரியர், ஊரில் சொந்த வீடு வைத்திருந்தவர், பழைய துணியைப் போய் உயிலில் எழுதுவாரா என்று இன்று தோன்றலாம். அன்று நூல் நூற்பது கையால், நெய்வது கையால், தைப்பதும் கையால். ஒரு நல்ல மேலங்கி என்பது கிட்டத்தட்ட ஒரு அசையும் சொத்து.

சொத்து என்றால் சந்தையும் இருக்கும். லண்டனில் பழைய துணிக்கென்றே தனித் தெருக்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைத் தொழிலாளர்களைப் பற்றி விரிவாக எழுதினார். வீடு வீடாகப் போய்ப் பழைய துணி வாங்குகிறவர்கள், அதைக் கிழிசல் தைத்துப் புதுசு போல ஆக்குகிறவர்கள், கடை வைத்து விற்கிறவர்கள் என்று ஒரு முழு வியாபாரச் சங்கிலியே அதில் வருகிறது. ஒரு சீமானின் கோட்டு பல கை மாறிக் கடைசியில் கூலிக்காரரின் முதுகில் கிழிந்து முடியும்.

கிழிந்த பிறகும் கதை முடியாது. அதற்குப் பிறகுதான் சுவாரசியமே.

கந்தலுக்கு அலைந்த காலம்

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் காகிதம் செய்தது கந்தல் துணியிலிருந்துதான். லினன், பருத்திக் கந்தல்களை ஊறவைத்து, இடித்து, கூழாக்கிக் காகிதம் வார்ப்பார்கள். அச்சுத்தொழில் வளர வளரக் கந்தலுக்குப் பஞ்சம் வந்தது. சில நாடுகள் கந்தலை ஏற்றுமதி செய்யவே தடை போட்டன. 1840களில் ஜெர்மனியில் கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துக் காகிதக்கூழ் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். அது பரவிய பிறகுதான் இந்தத் தட்டுப்பாடு தீர்ந்தது. கந்தலின் எறிமதிப்பு விழுந்த முதல் இடம் என்று இதைச் சொல்லலாம்.

கம்பளிக் கந்தலுக்கு வேறு வழி பிறந்தது. 1813ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பேட்லி என்ற ஊரில், பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைப் பிய்த்து இழையாக்கி, கொஞ்சம் புதுக் கம்பளியோடு கலந்து மறுபடியும் நூலாக நூற்றார். அந்தத் துணிக்கு ஷாடி என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மட்டமான ஷாடியால் தைத்த சீருடைகள் பிய்ந்துபோய் சிப்பாய்களின் கோபத்துக்கு ஆளாயின. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே "மட்டமானது" என்ற அர்த்தம் நிலைத்துவிட்டது. அந்தத் தொழில் இன்றும் இருக்கிறது. அதன் பெரிய மையம் இப்போது நம் ஹரியானாவின் பானிபட்!

தூளி, வடாம், கரித்துணி

நம் வீடுகளில் இதற்கெல்லாம் ஆலை தேவைப்படவில்லை. நைந்த நூல் சேலையில் குழந்தைக்குத் தூளி கட்டினார்கள். புதுத்துணி உறுத்தும் என்று, பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய வேட்டித் துணியைத்தான் சுற்றினார்கள். மொட்டைமாடியில் வடாம் பிழிய விரிப்பதும் பழைய வேட்டிதான். அதிலும் நைந்தது விளக்குத் திரி ஆகும், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி ஆகும், கடைசியில் வாசற்படியில் மிதியடியாகக் கிடக்கும். கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்ன ஊரில் வேறு எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வேண்டியது போக மிச்சத்துக்குப் பாத்திரக்கார அம்மா வருவார். பழைய துணி கொடுத்தால் எவர்சில்வர் பாத்திரம், பிறகு பிளாஸ்டிக் வாளி. பழைய பட்டுப்புடவைக்குத் தனி ஆள். சரிகையில் இருக்கும் வெள்ளிக்காக எடைபோட்டு வாங்கிப்போவார். இந்தப் பேரத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சாதாரண விஷயம் இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இது கிழிஞ்சிருக்கு, இது சாயம் போயிருக்கு, இதுக்கு டம்ளர்தான் வரும்" என்பார். வீட்டுக்காரம்மா இன்னொரு சட்டையைப் போட்டு ஒரு தூக்கு கேட்பார். தினசரிக் கணக்கில் கெட்டிக்காரர்கள் இருவரும்.

டில்லியிலும் இதே பண்டமாற்று உண்டு. குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தேவிபூஜக் சமூகப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் கொடுத்துத் துணி வாங்கி, ரகுபீர் நகர் சந்தையில் விடிவதற்கு முன்பே விற்பார்கள். லூசி நோரிஸ் என்ற மானுடவியல் ஆய்வாளர் இதைப்பற்றி 2010ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

இந்தப் பேரத்தில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். பழைய துணி கைமாறியபோதெல்லாம் இரண்டில் ஒன்று இருந்தது: விலை அல்லது உறவு. ஜோன் தங்கை. அக்கா பாவாடையைப் போட்டுக்கொள்ளும் தங்கையும் உறவு. பாத்திரக்கார அம்மா உறவு இல்லை, ஆனால் அவரிடம் விலை இருந்தது. வேண்டாத துணியை "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் இருந்தது.

மதிப்பு பூஜ்யமான கதை

பிறகு என்ன ஆயிற்று? இரண்டு விஷயம். ஒன்று, பாலியஸ்டர். 1941ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் இந்த இழையை உருவாக்கினார்கள். கசங்காது, சீக்கிரம் காயும், நீண்ட நாள் உழைக்கும். எல்லாம் நல்லதுதான். ஆனால் நைந்த பிறகு? தண்ணீரை உறிஞ்சாது, அதனால் தரை துடைக்கக்கூட லாயக்கில்லை. சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும். விளக்குத் திரிக்கும் ஆகாது. தூளி, வடாம், கரித்துணி என்ற அந்த முழு வரிசையும் பருத்தியை நம்பி இருந்தது. பாலியஸ்டர் வந்ததும் சட்டைக்குச் சட்டையாக இருப்பதைத் தவிர வேறு மறுபிறவி இல்லாமல் போயிற்று.

இரண்டாவது, விலை. 1974லிருந்து பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா வைத்திருந்தன. பல இழை ஒப்பந்தம் என்று பெயர். படிப்படியாகத் தளர்த்தி, 2005 ஜனவரி 1 அன்று கோட்டா முறை முடிவுக்கு வந்தது. எங்கே கூலி குறைவோ அங்கே தைத்து எங்கும் விற்கலாம் என்றானது. 2000க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் உலக ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று என்று மதிப்பிடுகிறார்கள். புதுசே மலிவாகக் கிடைக்கும்போது பழசை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? பாத்திரக்கார அம்மா எங்கள் தெருவுக்கு வந்து வருஷங்களாகின்றன. எறிமதிப்பு பூஜ்யம் ஆனது இப்படித்தான்.

விலை இல்லாத பொருளை என்ன செய்வது? வீட்டில் அடைசலாக வைக்கலாம், அல்லது தர்மம் செய்யலாம். விலை போன இடத்துக்குத் தர்மம் வந்தது என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி

மேலைநாடுகளில் தர்ம அமைப்புகளுக்குக் கொடுக்கும் துணியில் ஒரு பகுதிதான் உள்ளூரில் விற்கும். பெரும்பகுதி மூட்டையாகக் கட்டப்பட்டுக் கப்பல் ஏறும். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் கான்டமான்டோ என்ற மாபெரும் பழைய துணிச் சந்தை இருக்கிறது. அங்கே இந்தத் துணிக்குப் பெயர் "ஒப்ரோனி வாவு". செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி என்று பொருள். ஒருவர் இவ்வளவு துணியை விட்டுக்கொடுக்கிறார் என்றால் அவர் செத்துத்தான் போயிருக்க வேண்டும்!

அங்குள்ள வியாபாரி மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே காசு கொடுத்துவிட வேண்டும். உள்ளே நல்ல சட்டை இருந்தால் லாபம், கறை படிந்ததும் கிழிந்ததும் இருந்தால் கடன். பாத்திரக்கார அம்மாவுக்கு இருந்த "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை இவருக்கு இல்லை. கொடுத்தவர் புண்ணியத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார், நஷ்டம் மட்டும் கடல் கடந்து வந்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சந்தையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. கிழிசலைத் தைத்து, சாயம் ஏற்றி, அளவு பிடித்து மறுபடியும் ஆடையாக்கும் தையல்காரர்கள் அங்கே ஏராளம். 2025 ஜனவரி தொடக்கத்தில் பெருந்தீயில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி எரிந்துபோனது.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த நாடும் உண்டு. உள்ளூர் ஆடைத்தொழிலை வளர்க்க ருவாண்டா 2016ல் பழைய துணிக்கு இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 20 சென்டிலிருந்து இரண்டரை டாலராக உயர்த்தியது. அமெரிக்கப் பழைய துணி வியாபாரிகளின் சங்கம் தன் அரசிடம் புகார் செய்தது. 2018 ஜூலையில் ருவாண்டா ஆடைகளுக்கு இருந்த வரிச்சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது. எங்கள் பழைய துணியை வாங்காவிட்டால் உங்கள் புதுத்துணிக்குச் சலுகை இல்லை! பன்னாட்டு வணிகம் படிக்கிறவர்கள் இந்த ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பத்து மார்க் எழுதலாம்.

பானிபட்டுக்கு வரும் துணியின் கதை வேறு மாதிரி. இந்தியாவில் ஷாடிக்காக இறக்குமதியாகும் பழைய ஆடைகளை மறுபடி உடுத்த முடியாதபடி கிழிக்க வேண்டும் என்பது விதி. அந்த வேலையைச் செய்யும் பெண்களைப் பற்றி "அன்ராவல்" என்ற ஆவணப்படம் 2012ல் வந்தது. கொஞ்சமும் நையாத இந்தத் துணிகளை ஏன் எறிகிறார்கள் என்று அந்தப் பெண்கள் யோசிக்கிறார்கள். அந்த நாடுகளில் தண்ணீர்த் தட்டுப்பாடாக இருக்கும், துவைக்க வழியில்லாமல்தான் தூக்கி எறிகிறார்கள் போல என்று ஒரு விளக்கம் வருகிறது. சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நம் பீரோ ஞாபகம் வரும்.

நாகப்பட்டினம் சாலையோரம்

ஆப்பிரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாடெங்கும் இருந்து லாரி லாரியாக உதவி வந்தது. அதில் பெருமளவு பழைய துணி. துவைக்காதது, கிழிந்தது, இந்தக் கரையோரத்தில் யாரும் உடுத்தாத கம்பளிக் கோட்டு வகையறா எல்லாம் அதில் இருந்தன. மீனவக் குடும்பங்கள் பல அவற்றை உடுத்த மறுத்தன. கடலில் உழைத்துச் சம்பாதித்து, தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்துக் கௌரவமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். வீட்டையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த மறுநாள் யாரோ கழித்துப்போட்டதைக் கட்டிக்கொள்ளச் சொன்னால்? அந்தத் துணிகள் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்தன, மழையில் நனைந்தன, மாடு மிதித்தன. அவற்றை அள்ளுவதே நிவாரணப் பணியாளர்களுக்குத் தனி வேலையாகிப் போனது.

பழைய துணியை மரியாதையோடு கொண்டுசேர்க்க வேண்டும் என்று 1999ல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அப்போது அந்தக் குவியல்களைத் தரம் பிரிக்கும் வேலையில் இறங்கியது. உடுத்தத் தகுந்ததைத் தனியே எடுத்து, மற்றதைப் பாய், பை, பெண்களுக்கான துணி நாப்கின் என்று மாற்றுவது அவர்கள் வழி. ஊர்க்காரர்கள் குளம் வெட்டினாலோ சாலை போட்டாலோ அதற்கு ஊதியம் போலத் துணி தருவார்கள், பிச்சையாகத் தரமாட்டார்கள். 2015ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

இந்த விவாதம் புதுசு இல்லை. 1921 ஜூலை 31 அன்று பம்பாயில் காந்தி அந்நியத் துணிகளைக் குவித்துத் தீ வைத்தார். தாகூருக்கு இது பிடிக்கவில்லை. உடுக்கத் துணி இல்லாதவர்களுக்குச் சேரவேண்டியதை எரிக்க நமக்கு என்ன உரிமை என்பது அவர் வாதம். அதே அக்டோபரில் "யங் இந்தியா"வில் காந்தி பதில் எழுதினார். ஏழைக்குத் தேவை வேலை. நான் கழித்துப்போட்ட துணியைக் கொடுத்து அவனை அவமானப்படுத்த மாட்டேன், கொடுத்தால் என்னிடம் இருப்பதில் நல்லதைக் கொடுப்பேன் என்பது அதன் சாரம். அதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அவர் தன் உடையையே அரையாடையாகக் குறைத்துக்கொண்டார். எரித்தது சரியா என்பதில் எனக்கு இன்னும் தாகூர் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. கொடுப்பது பற்றிச் சொன்னதில் காந்தி சொன்னதே சரி. நாகப்பட்டினம் சாலையோரம் அதற்குச் சாட்சி.

கடைசியாக ஒரு கணக்கு

பழைய துணியே கொடுக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. உறவுக்குள் கைமாறுகிற சட்டையில் எந்த அவமானமும் இல்லை. சித்தி பையனுக்குக் கொடுக்கும்போது நாம் துவைத்து, பட்டன் இருக்கிறதா என்று பார்த்து, இஸ்திரி போட்டுக் கொடுக்கிறோம். நாளைக்கு அவன் முகத்தில் விழிக்க வேண்டுமே! முன்பின் தெரியாதவருக்கான மூட்டை என்றதும் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. விலையும் இல்லை, உறவும் இல்லை, மறுக்கும் உரிமையும் இல்லை என்ற இடத்தில்தான் தர்மம் வெறும் குப்பை கடத்தலாக மாறுகிறது.

எனக்குத் தோன்றிய வழி எளிமையானது. பீரோவில் சேராத துணிகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். பெயர் சொல்லி ஒருவருக்குக் கொடுக்கக்கூடியது, அவர் வேண்டாம் என்றால் கோபப்படாமல் திரும்ப வாங்கிக்கொள்ளும் மனசோடு. பருத்தியாக இருந்து கரித்துணிக்கோ துடைப்பதற்கோ ஆகக்கூடியது. இரண்டிலும் சேராதது மூன்றாவது. அந்த மூன்றாவது குவியல்தான் பெரிசாக இருக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள். அதைத் தர்மக் கணக்கில் எழுதாமல், நஷ்டக் கணக்கில் எழுதுங்கள். அடுத்த முறை ஆடித் தள்ளுபடியில் நிற்கும்போது விலைச்சீட்டோடு அந்தக் குவியலும் நினைவுக்கு வந்தால் தேய்மானப் பாடம் படித்ததற்குப் பலன் கிடைத்த மாதிரி.